நாப்பத்தேழு வயசுல ஜூனியர்

2000-ல கோயம்புத்தூர்ல எங்ககூட ட்ரிபிள் ஈ (எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்) முடிச்ச செட்டுல யாரு இப்ப என்ன வேலை பாக்குறாங்கன்னு கேட்டா டக்குனு பதில் சொல்ல முடியாது, அவ்ளோ மாறிடுச்சு. ஸ்பின்னிங் மில்லுல மெயின்டெனன்ஸ் பாத்தவன் மொட்டை மாடிகளுக்கு சோலார் போட்டுத் தர்றான், நெட்வொர்க்கிங்ல இருந்தவன் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பப் பாக்கவே போயிட்டான். நான் எழுத நினைக்கிறது ரொம்ப வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருந்துட்டு வக்கீலான ஒருத்தனப் பத்தி.

கம்பெனில ஆள் குறைச்சப்ப லிஸ்ட்ல இவன் பேரும் வந்துச்சு. வயசு 43. வேற கம்பெனி தேடுவான்னு பாத்தா மூணு வருஷ லா படிப்புல சேந்துட்டான், வேலை பாத்துக்கிட்டே சாயங்காலம் போய் படிக்கிற கதையெல்லாம் அதுல நடக்காது, பகல்ல போய் உக்காரணும், அட்டெண்டன்ஸ் வேணும். வக்கீலாப் பதிவு பண்ண பார் கவுன்சில்ல கட்டணம் 750 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாதுனு 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதுக்கப்புறம் பதிவு பண்ணதால அந்தச் செலவு மிச்சம். ஜூனியர்களுக்கு மாசம் குறைஞ்சது இவ்ளோ குடுக்கணும், சென்னை மதுரை கோவைனா 20,000, மத்த ஊர்ல 15,000னு அதே வருஷம் மெட்ராஸ் ஹைகோர்ட்டும் சொல்லுச்சு. இவன் கைக்கு வர்றது அதுல பாதிகூட இல்ல.

சீனியருக்கு வயசு 34, இவன் அவர "சார்"னுதான் கூப்பிடுறான். காலைல கேஸ் கட்டத் தூக்கிட்டு கோர்ட்டுக்குப் போறது, வாய்தா தேதிய டைரில குறிக்கிறது, குமாஸ்தாகிட்ட போய் பேப்பர் ஏன் ரிட்டர்ன் ஆச்சுனு கேக்குறது, எல்லாம் இவன்தான். ஒரு தோட்டத்துக் கேஸ்ல மூலப்பத்திரத்துல "இட்டேரிக்குத் தெற்கு"னு (இட்டேரினா ரெண்டு பக்கமும் வேலி இருக்குற வண்டித்தடம்) இருந்தது அடுத்த கிரயப் பத்திரத்துல "வடக்கு"னு மாறியிருந்துச்சாம். வில்லங்க சான்றுல சர்வே நம்பர் சரியா இருந்ததால யாரும் நாலு எல்லைய உக்காந்து படிக்கல, இவன் ரெண்டு பத்திரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரி வரியா ஒப்பிட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கான். டெஸ்டிங்ல பண்ணதும் இதேதானே! பழைய வேலை வீணாப் போயிடுச்சுனு சொல்றவங்ககிட்ட நான் இதத்தான் சொல்லுவேன். அந்தப் பழக்கம் எங்கயும் போகாது.

ஆனா கறுப்புக் கோட்டோட அவன் போட்டோவப் பாத்துட்டு எங்க செட்டு வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் அவன் தைரியத்தையே பேசுறப்ப எனக்கு மனசு ஒப்பல. அவன் சம்சாரம் ஸ்கூல் டீச்சர். என்கிட்ட ஒருநாள் "அக்கா, வீட்டு லோன் டியூ இத்தன வருஷமா என் சம்பளத்துலதான் போவுது, அதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா யாராச்சும் ஒருத்தர் கேட்டா நல்லாருக்கும்"னு சொன்னா. அவன் கறுப்புக் கோட்டுல பாதி அவளோடது. பையனோட ட்யூஷன நிறுத்தி அவளே சொல்லிக் குடுத்தது, ரெண்டு பக்கமும் விசேஷத்துக்கு மொய் குறைச்சது, இதெல்லாம் போட்டோல வராது.

எங்க செட்டுல இன்னொருத்தி, கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டோட இருந்தவ, பி.இ. முடிச்சவங்களும் பி.எட். சேரலாம்னு தெரிஞ்சதும் சேந்து ரெண்டு வருஷம் படிச்சு இப்ப ஒம்பதாங்கிளாசுக்கு கணக்கு எடுக்குறா. அவளுக்கு மாமியார்தான் பக்கபலம், காலைல சமையலையே அவங்க எடுத்துக்கிட்டாங்க.

இப்ப இன்னொருத்தன் வேலைய விடுறேன்னு பேப்பர் போடப் போறேங்குறான், செக்கு எண்ணெய் வியாபாரம் பண்ணணுமாம். நான் அவன்கிட்ட கேட்டது அப்பா அம்மாவோட மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பத்தித்தான். கம்பெனி பாலிசி வேலையோட போயிடும், புதுசா எடுத்தா ஏற்கெனவே இருக்குற சுகர், பிபிக்கெல்லாம் மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம், அதனால வேலைல இருக்குறப்பவே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனில தனி பாலிசியா மாத்த முடியுமானு கேக்கணும். பத்து வருஷம் சர்வீஸ் தாண்டினவனுக்கு 58 வயசுல பிஎஃப் பென்ஷன் உண்டு, பிஎஃப் கணக்க முடிக்கிறப்ப அத மறந்துடாதனும் சொன்னேன். சம்சாரத்துகிட்ட பேசிட்டியாடானு கேட்டா "இன்னும் இல்ல"ங்குறான். மொதல்ல அதப் பேசுடா, அப்புறம் பேப்பர் போடுனு சொல்லியிருக்கேன்.