ஐம்பது ஹெர்ட்ஸோடு ஒரு மல்லுக்கட்டு

ஜெனரேட்டரைக் கிரிட்டோடு, அதாவது ஊருக்கே மின்சாரம் தரும் பொது வலையோடு, தாளம் பிசகாமல் இணைப்பதை, சிங்க்ரனைஸ் செய்வதைத்தான் பெரிய வித்தை என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். வோல்டேஜைச் சரிக்கட்டி, இரண்டின் தாளமும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் சிங்க்ரோஸ்கோப்பின் முள் கடிகாரத் திசையில் மெதுவாக, ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து நொடி எடுக்கும்வரை வேகத்தைத் தட்டித் தட்டிக் கொண்டுவர வேண்டும். முள் 12-ஐத் தொடுவதற்கு ஒரு நூலிழை முன்னால், இரண்டையும் இணைக்கும் ஜெனரேட்டர் பிரேக்கரைப் போட வேண்டும், கான்டாக்ட் மூடவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால். சரியாகப் போட்டால் எஞ்சின் சத்தம்கூட மாறாது. தப்பினால் தரை அதிரும்.

ஒன்று மட்டும். அந்த முள் ஒரு ஜோடி ஃபேஸைத்தான் ஒப்பிடுகிறது. மீதி ஃபேஸ்கள் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. கேபிளைக் கழற்றி மாட்டியபின் ஃபேஸ் வரிசையைத் தனியாகப் பார்க்காமல், முள்ளை மட்டும் நம்பி பிரேக்கர் போடுகிறவரோடு நான் ஒரே அறையில் நிற்கமாட்டேன்.

எனக்குப் பாடம் கிடைத்தது பிரேக்கர் மூடி நாற்பது நிமிடம் கழித்து.

எங்கள் செட் 1,000 கிலோவாட், டீசல், 1,500 ஆர்.பி.எம். கிரிட்டிலிருந்து எடுக்கும் உச்ச அளவைக் குறைக்க அதை 600 கிலோவாட்டில் ஓட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று லோடு ஏற ஆரம்பித்தது. 650, 720, 800. யாரும் எதையும் தொடவில்லை. எஞ்சின் குரல் கனத்தது, புகைபோக்கி கறுத்தது. ஆபரேட்டர் ஸ்பீடு சுவிட்சைக் குறைக்கும் பக்கம் ஒரு தட்டு தட்டினார். லோடு இறங்கியது. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. 400, 150, பூஜ்யம், அதற்கும் கீழே.

“சார், கிரிட் நம்ம எஞ்சினைச் சுத்துது!”

மின்சாரம் இப்படித் திரும்பி ஜெனரேட்டருக்குள் பாய்ந்தால் பிரேக்கரைத் திறப்பது ரிவர்ஸ் பவர் ரிலே. எங்களிடம் அதை 10 சதவீதம், 5 நொடிக்கு வைத்திருந்தது. அந்த ஐந்து நொடி நீளமாக இருந்தது. பிரேக்கர் ட்ரிப் ஆனது.

நடந்தது இதுதான். தனியாக ஓடும் ஜெனரேட்டரில் கவர்னரின் வேலை ஹெர்ட்ஸைப் பிடித்து நிறுத்துவது. குறைந்தால் டீசலைக் கூட்டும், உடனே வேகம் திரும்பும். கிரிட்டோடு சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. ஆயிரம் பேர் இழுக்கும் வடத்தை ஒருவன் மூச்சைப் பிடித்து இழுத்தாலும் வடத்தின் வேகம் கூடாது, அவன் கைதான் காயும். கிரிட் அன்று 49.9-ல் இருந்தது. கவர்னர் 50-ஐ எட்டியே தீருவேன் என்று டீசலை ஊற்றிக்கொண்டே போனது. ஹெர்ட்ஸ் அசையவில்லை, கிலோவாட்தான் ஏறியது. ஆபரேட்டர் தட்டிய தட்டில் இலக்கு 49.9-க்கும் கீழே போய்விட்டது. இப்போது அதே பிடிவாதம் தலைகீழாக. இதைத் தவிர்க்கத்தான் கிரிட்டோடு ஓடும்போது, லோடு ஏற ஏற வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் டிரூப்பிலோ, சொன்ன கிலோவாட்டை மட்டும் பிடிக்கும் கிலோவாட் கட்டுப்பாட்டிலோ வைப்பது. 4 சதவீத டிரூப் என்றால், முழு லோடில் 50 ஹெர்ட்ஸ் தரும் அமைப்பு, லோடே இல்லாதபோது 52 தரும். அந்தச் சரிவு இருந்தால் செட் தன் பங்கில் நின்றுகொள்ளும்.

எங்களுடையதும் கிலோவாட் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. இருக்க வேண்டியது.

கவர்னர்தான் கெட்டுப்போச்சு என்று எல்லோரும் அதைக் கழற்றப் போனார்கள். நானும் ஸ்பேனரோடு நின்றேன். பேனல் பதிவைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: கிலோவாட் ஏற ஆரம்பித்த அதே நொடியில் கேவாரும் (ரியாக்டிவ் பவரின் அளவு) நகர்ந்திருந்தது. டீசலைப் பார்த்துக்கொள்வது கவர்னர், கேவாரைப் பார்த்துக்கொள்வது வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஏ.வி.ஆர். இரண்டும் வேறு வேறு பெட்டி. ஒரே நொடியில் இரண்டுக்கும் புத்தி கெடுமா? இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு சேதிதான் போகிறது: கிரிட் பிரேக்கர் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா. அந்த பிரேக்கரின் நிலையைச் சொல்லும் சின்ன சுவிட்சிலிருந்து, ஆக்ஸிலரி கான்டாக்டிலிருந்து, வரும் ஒரு வயர்.

டெர்மினலில் அந்த வயரை விரலால் லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. ஸ்குரூ, வயர் நுனியில் மாட்டும் உலோகக் குழாயான ஃபெரூலைக் கவ்வாமல், அதன் பிளாஸ்டிக் கழுத்தைக் கவ்வியிருந்தது. பேனல் அதிர அதிர, தொட்டும் தொடாமலும் இருந்து, அன்றைக்கு விட்டுவிட்டது. கான்டாக்ட் திறந்துவிட்டது என்று எடுத்துக்கொண்ட கவர்னர், ‘கிரிட் போய்விட்டது, இனி ஹெர்ட்ஸ் என் பொறுப்பு’ என்று இறங்கிவிட்டது. அதன்மேல் குற்றமே இல்லை.

கிரிட் நிஜமாகவே போய், இந்தச் சேதி வராமல் இருந்திருந்தால்? அதற்குத் தனி ரிலே இருக்கிறது, ஹெர்ட்ஸ் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்க்கும். ஆனால் நம் உற்பத்தியும் நம் லோடும் ஏறக்குறைய சமமாக இருந்தால் ஹெர்ட்ஸ் சட்டென்று மாறாது, அந்த ரிலேயும் ஏமாறலாம். நம் செட்டே லைனுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்க, லைன் செத்துவிட்டது என்று நம்பி அதில் ஒருவர் கைவைக்கலாம். அல்லது கிரிட் தானாகத் திரும்பிவந்து, கோணம் பார்க்காமல் நம் மெஷின்மேல் மோதலாம். அன்று ராத்திரி இதை நினைத்துக்கொண்டு படுத்தேன்.

பிறகு மூடியிருந்தால் ஒன்று, திறந்திருந்தால் ஒன்று என இரண்டு கான்டாக்டை இழுத்தோம். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் அலாரம் அடித்து, ஜெனரேட்டர் பிரேக்கர் திறக்க வேண்டும். அடுத்த பராமரிப்பில், செட்டைக் கிரிட்டோடு 200 கிலோவாட்டில் ஓடவிட்டு, வேண்டுமென்றே நானே அந்த வயரைக் கழற்றினேன். இன்னொரு கை எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன்மேல் இருந்தது. அலாரம் அடித்தது, பிரேக்கர் திறந்தது. ஆபரேட்டர் பட்டனிலிருந்து என் கையை எடுத்துவிட்டு, வயரை மாட்டச் சொன்னார்.