சித்தப்பாவோட மெயில் மூட்டை

முத்தியால்பேட்டை சித்தப்பாவோட பழைய மெயில் பூரா ஒரே எம்பாக்ஸ் ஃபைலா (எல்லா மெயிலும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒரே ஃபைல்ல) கெடக்கு, பாதி ஃபிரான்ஸ்ல இருக்க அத்தை வீட்டோட நடந்த சொத்து பஞ்சாயத்து, யாரு எப்ப என்ன சொன்னாங்கன்னு வரிசையா வேணுமாம் அவருக்கு. இதுக்கு டெர்மினல்ல, அதாவது கமாண்ட் டைப் பண்ற ஜன்னல்ல, மட் (mutt)ங்கற மெயில் படிக்கற புரோகிராம் போதும்ங்க. மட், ஒரு ஸ்பேஸ், ஹைஃபன் எஃப், ஃபைல் பேரு, அவ்ளோதான் தொறந்துரும், அப்புறம் ஓ அமுக்கி டி அமுக்குனா அனுப்புன தேதிப்படி, ஆர் அமுக்குனா வந்து சேந்த தேதிப்படி அடுக்கும்.

அனுப்புன தேதிங்கறது அனுப்புறவன் மெஷின் எழுதுறது. அந்த கம்ப்யூட்டர்ல சீமாஸ் (CMOS) பேட்டரி, அதாவது உள்ள கடிகாரத்த ஓட்டுற குட்டி பேட்டரி, செத்துருந்தா மெயில் பல வருஷம் பின்னாடி போய் ஒக்காந்துக்கும், அந்த மாதிரி கேஸுக்கு ஆர் தான் சரி.

வரிகள அகரவரிசைல அடுக்குற சாதா சார்ட் (sort) கமாண்ட்ல மெயிலோட டேட் லைனை போட்டா வேலைக்காவாது, வெள்ளிக்கிழமை மெயிலெல்லாம் மேல வந்து நிக்கும், ஏன்னா லைன் ஆரம்பமே கிழமை, அதுவும் இங்கிலீஷ் அகரவரிசைல.

இன்னொரு கூத்து நேரம். குளிர்காலத்துல பாரீஸ்ல ராத்திரி 11:30ன்னா பாண்டில மறுநாள் காலைல 4 மணி. மட் அடுக்குறப்ப இதெல்லாம் சரியாத்தான் கணக்கு பண்ணுது, ஆனா லிஸ்ட்ல காட்டுறது அனுப்புனவங்க ஊர் தேதி, அதனால 5ந்தேதிக்கு கீழ 4ந்தேதி நிக்குது, சித்தப்பா "இது தப்புடா"ன்னு ஒரே சத்தம். மட்டோட செட்டிங் ஃபைல்ல, லிஸ்ட் எப்படி தெரியணும்னு சொல்ற இண்டெக்ஸ் ஃபார்மட் (index_format) வரில தேதிய சுத்தி இருக்க நெளி பிராக்கெட்ட சதுர பிராக்கெட்டா மாத்துனா நம்மூர் நேரம் காட்டும்.