பத்மினியின் பம்பரும் ஒரு கதவுக் கைப்பிடியும்

பெரியப்பாவின் 1976 மாடல் பிரீமியர் பத்மினி கார் என் கைக்கு வந்து மூன்று வருடமாகிறது. திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு கொட்டகையில் பல வருடம் ஓடாமல் நின்ற வண்டி. எஞ்சினை இறக்கி ஏற்றியாச்சு, டிங்கர் வேலை முடிந்தது, பெயின்ட்டும் அடித்தாச்சு. மிச்சம் இருந்தது குரோம் சாமான்கள்தான். கழற்றி, தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தி உலோகப் பூச்சு ஏற்றும் பிளேட்டிங் கடையில் கொடுத்தால் பத்து நாளில் பளபளவென்று வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பதினோரு மாதம் ஆனது, நடுவில் ஒரு கதவுக் கைப்பிடி போயே போய்விட்டது. பழைய வண்டி வைத்திருக்கும் இன்னொருவருக்கு அப்படி ஆகக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பம்பரைக் கழற்றியதே பெரிய வேலை. போல்ட்டுகள் துருவில் இறுகி ஒன்றாகிவிட்டன, டீசல் ஊற்றி இரண்டு ராத்திரி விட்ட பிறகுதான் ஸ்பேனருக்கு அசைந்தன. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் அங்கங்கே புள்ளி புள்ளியாகத்தான் துரு, பின்பக்கமோ அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்கிறது. பம்பர் வேலை செய்பவர்கள் பளபளப்பைப் பார்க்கிறோமே தவிர இந்தப் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை. உப்புக் காற்று புகுவதும் தண்ணீர் தங்குவதும் அங்கேதான்.

அப்புறம் நான் செய்த தவறு. பம்பர், அதன் மேல் நிற்கும் கார்டுகள், ஹெட்லைட் ரிங், வீல் கப், நான்கு கதவுக் கைப்பிடிகள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது ஒரு கைப்பிடியைத் தயக்கத்தோடு எடுத்துக் காட்டினார்கள். கறையான் தின்ற கட்டை மாதிரி இருந்தது. இரும்புச் சாமான்களின் பழைய பூச்சை எடுக்கும் ஆசிட்டிலேயே அதையும் முக்கியிருக்கிறார்கள். மற்ற மூன்றையும் இன்னும் தொட்டியில் போடவில்லை என்பது என் அதிர்ஷ்டம். எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறொரு பட்டறைக்குப் போனபோது அங்கிருந்த பெரியவர் கைப்பிடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல காந்தம் வச்சுப் பாத்தியா?" என்று கேட்டார். வைத்துப் பார்க்கவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது, காந்தம் பளிச்சென்று ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் கனமாக இருந்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது, பட்டறைகளில் மசாக் என்பார்கள். ஒட்டாமல் லேசாக இருந்தால் அலுமினியம். ஒட்டாமலோ லேசாக ஒட்டியோ இருந்து, வளைத்தால் ஸ்பிரிங் மாதிரி திரும்பினால் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நான்கும் பெயின்ட்டுக்குப் பக்கத்தில் ஒரே மாதிரிதான் மின்னும். ஆனால் நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

மசாக்தான் இருப்பதிலேயே பாவப்பட்டது. துத்தநாகம் ஆசிட்டில் கரையும். மயில்துத்தக் கரைசலில் செம்புப் பூச்சு போடுகிறார்களே, அதிலும் ஆசிட் இருக்கிறது, நேராக அதில் இறக்கினாலும் அரித்துவிடும். முதலில் சயனைடு செம்புத் தொட்டியில் மெல்லிய பூச்சு கொடுத்து மூடிவிட்டு அப்புறம்தான் மற்ற தொட்டிகள். எல்லாக் கடையிலும் இந்த வசதி கிடையாது. பழைய கைப்பிடிகளில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும் பாருங்கள், அது பூச்சுக்கு அடியில் துத்தநாகமே அரித்துப் புடைத்தது. அந்தக் குழிகளைச் சுரண்டி எடுத்து, செம்பு ஏற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றி, மறுபடி தேய்த்து நிரப்ப வேண்டும். என்னுடைய மூன்றில் ஒன்றுக்கு நாலு தடவை செம்பு ஏற்றினார்கள்.

இரும்புக்கு வருவோம். குரோம் என்று நாம் சொல்வதில் குரோமியத்தின் பங்கு ரொம்பக் கொஞ்சம். மேலே இருக்கும் குரோமியம் அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான், ஒரு தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதன் வேலை நீலம் கலந்த அந்தக் குளிர்ந்த நிறத்தைக் கொடுப்பதும் கீறல் விழாமல் காப்பதும். கண்ணாடி மாதிரி முகம் தெரிவது அடியில் இருக்கும் நிக்கலில், துருவைத் தடுப்பதும் அதுவே. வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்கும் பம்பருக்கு 25 மைக்ரானாவது நிக்கல் வேண்டும். சாதாரணமாகக் கொடுக்கும் மின்சாரத்தில் அதற்கு அரை மணி நேரம் தொட்டியில் தொங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் எடுத்தால் நாலு மைக்ரான்தான் ஏறியிருக்கும். வாங்கும் அன்று இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும், ஒரு மழைக்காலம் போனால்தான் வித்தியாசம் தெரியும். அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி "குரோம் எவ்வளவு?" என்பதில்லை, "நிக்கல் தொட்டியில் எவ்வளவு நேரம்?" என்பதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகரக் கொட்டகைக்குப் போடும் துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அப்படிக் கிடையாது. அதில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் அந்த இடத்து இரும்பு வழக்கத்தைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். சின்னப் புள்ளி என்று விடக்கூடாது என்பது இதனால்தான். புள்ளித் துருவுக்கு, சாப்பாடு பொட்டலம் கட்டும் அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். அலுமினியம் குரோமை விட எவ்வளவோ மென்மை, கீறாது. தேய்த்த பிறகு மெழுகு போட்டுவிடுங்கள். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி நினைத்துக்கொண்டு புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், அந்த உப்பு ஓட்டைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பக்கவாட்டில் ஓடும் அலங்காரப் பட்டை, அதாவது மோல்டிங், என் வண்டியில் அலுமினியம். அதற்கு குரோமே தேவையில்லை. மேலே மங்கிப்போயிருந்த பூச்சை காஸ்டிக் சோடா கரைசலில் எடுத்துவிட்டு துணிச் சக்கரத்தில் தேய்த்து பஃப் போட்டதும் வெள்ளி மாதிரி வந்தது. கையுறை, கண்ணாடி இல்லாமல் காஸ்டிக் சோடாவைத் தொடாதீர்கள். கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மடங்கிவிடும், மடங்கின இடம் எத்தனை தட்டினாலும் தெரியும். நான் மூங்கில் பட்டையைச் சீவி ஆப்பு மாதிரி செருகி, கிளிப் கிளிப்பாக விடுவித்தேன்.

புதிதாகவே வாங்கிவிடலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் புது பம்பர் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தேன், பழையதில் பாதி எடைகூட இல்லை, அழுத்தினால் தகரம் உள்ளே போகிறது. பழைய இரும்பு நெளிந்திருந்தாலும் நிமிர்த்தி பிளேட்டிங் போடுவதுதான் சரி என்பது என் முடிவு. செலவு கூடத்தான் ஆனது, வருத்தமில்லை. கைப்பிடிக்கு மட்டும் வேறு வழியில்லாமல், பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு காலத்தில் பத்மினி சாமான் என்றால் பம்பாய், அங்கே ஆயிரக்கணக்கில் டாக்ஸிகள் ஓடின. 2023 அக்டோபரோடு கடைசி பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றுவிட்டது. இனி கிடைப்பது குறைந்துகொண்டேதான் போகும், வண்டியில் இருப்பதைப் பாதுகாப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கழிவைப் பற்றிப் பேசாமல் குரோமைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. பிளேட்டிங் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு வடிவம், புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் (குரோமிய உப்பு) தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். என் வண்டி பளபளக்க வேண்டும் என்பதற்காக யாரோ ஒருவர் வீட்டுக் கிணறு கெடக்கூடாது. கழுவிய தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்று நான் போன எல்லாக் கடையிலும் கேட்டேன். அந்தப் பெரியவர் மட்டும்தான் கூட்டிப்போய் சுத்திகரிப்புத் தொட்டியைக் காட்டினார். இந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று மாதம் காத்திருந்து அவரிடமே கொடுத்தேன்.

பம்பர் போன மாதம் வந்தது. பின்பக்கம் முழுக்க துத்தநாக பிரைமர் அடித்து, அதன் மேல் இரண்டு கோட் பெயின்ட், போல்ட்டு ஓட்டைகளில் கிரீஸ். கார்டுக்கும் பம்பருக்கும் நடுவே புது ரப்பர் வைத்து மாட்டினேன், ரப்பர் இல்லாமல் மாட்டினால் இரும்போடு இரும்பு உரசி அங்கேதான் முதல் துரு கிளம்பும். மூன்று கைப்பிடிகள் மாட்டியாச்சு. இடது பின்கதவுக்குப் புதுப்பேட்டையில் கிடைத்தது, கொஞ்சம் குழி விழுந்தது, கனமாக இருக்கிறது, காந்தம் ஒட்டவில்லை. பெரியவர் தை முடிந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.