ஒரு பாக்கெட்கூட தொலையவில்லை, ஆனால் பிங் ஒரு விநாடி

எம்.இ. இரண்டாம் செமஸ்டரில் அட்வான்ஸ்டு நெட்வொர்க்ஸ் எடுத்தேன். பி.இ.யில் பார்த்த பாடம்தானே என்று டிசிபியின் (டேட்டாவைப் பாக்கெட் என்னும் சிறு துண்டுகளாக அனுப்பும் இணைய நெறிமுறை) ஸ்லோ ஸ்டார்ட், ஃபாஸ்ட் ரீட்ரான்ஸ்மிட் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதல் இன்டர்னலில் ஒரு கிராஃபைக் கொடுத்து, இந்த இடத்தில் விண்டோ (பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்பக்கூடிய டேட்டாவின் அளவு) ஏன் சுருங்குகிறது என்று கேட்டிருந்தார்கள். பெயர் தெரிந்தது, காரணம் எழுத வரவில்லை. 50க்கு 19.

எனக்குப் பாடம் புரிந்தது லேபில்தான். ஒரே கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க்கை உருவாக்கிப் பார்க்கும் மினிநெட்டில் இரண்டு ஸ்விட்ச், நடுவில் 10 எம்பிபிஎஸ் லிங்க், போய்வர 40 மில்லிவிநாடி. பல பாக்கெட்டை ஒரே பெரிய துண்டாகக் கையாளும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ வசதிகள் இரண்டையும் அணைத்துவிட்டு, வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினால் வேகம் முழுதாக வருகிறது, ஆரம்பத்தில் ஒரு பாக்கெட்கூட தொலையவில்லை. ஆனால் பக்கத்து டெர்மினலில் பிங் (ஒரு பாக்கெட் போய்வரும் நேரம்) 40 மில்லிவிநாடியில் தொடங்கி 200, 700 என்று ஏறி 1,000ஐத் தாண்டிவிட்டது. லேப்டாப் திணறுகிறது என்று நினைத்து விர்ச்சுவல் மெஷினையே புதிதாகப் போட்டு இரண்டு மாலைகளை வீணாக்கினேன். சீனியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "க்யூ எவ்வளவுன்னு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தேன். லிங்குக்கு வேகமும் தாமதமும் கொடுத்த நான், பாக்கெட்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் வரிசையான க்யூவின் அளவைக் கொடுக்கவே இல்லை, அதனால் தாமதத்தை உண்டாக்கும் லினக்ஸ் பகுதியான நெட்எம் தன் வழக்கப்படி 1,000 பாக்கெட் வைத்துக்கொண்டது. 1,000 பாக்கெட், ஒவ்வொன்றும் 1,500 பைட், மொத்தம் 1.2 கோடி பிட். 10 எம்பிபிஎஸ்ஸில், அதாவது விநாடிக்கு ஒரு கோடி பிட்டில், அது வெளியேற 1.2 விநாடி. கணக்கு அப்படியே பொருந்தியதும் எழுந்து நின்றுவிட்டேன்!

அன்றிரவுதான் நெட்வொர்க் நெரிசல் பற்றி வான் ஜேக்கப்சன் எழுதிய 1988 கட்டுரையை முழுதாகப் படித்தேன். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கெஜ தூரத்தில், வேகம் விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்த கதையிலிருந்துதான் அது தொடங்குகிறது. பாக்கெட் தொலைவதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு அனுப்புகிறவர் தானே அடக்கி வாசிக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள யோசனை. என் க்யூவோ தொலையவேண்டிய பாக்கெட்டையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தது, அப்புறம் நெரிசல் என்று அனுப்புகிறவருக்கு எப்படித் தெரியும்? விண்டோ பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போனது.

க்யூவை 60 பாக்கெட்டாகக் குறைத்தேன். பாக்கெட் தொலைய ஆரம்பித்தது, பிங் 100ஐத் தாண்டவில்லை, வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. விண்டோ ஏறுவதும் சட்டென்று சுருங்குவதுமாக, இன்டர்னல் கிராஃபில் இருந்த அதே ரம்பப்பல் வடிவம் என் திரையில் வந்தது.

இந்தப் பாடம் எடுப்பவர்களுக்கு: டிசிபிக்கு ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 793ஐ விட்டுவிட்டு 2022இல் வந்த 9293ஐப் படியுங்கள். தேர்வுக்கு முந்தின நாளுக்கு என்று தள்ளிப்போடாமல், முதல் வாரமே, பாக்கெட்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து ஒரு டவுன்லோடைப் பிடித்துப் பாருங்கள்.

செமஸ்டர் லீவில் வீட்டில் அண்ணன் பெரிய வீடியோ ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவின் வீடியோ கால் உறைந்து உறைந்து நின்றது. உடனே பிங் போட்டேன். ஏறிக்கொண்டே போனது.