முகாமுக்குள் ஒரு தமிழ் வகுப்பு

இலங்கையின் வடக்கே பரந்தனுக்குப் பக்கத்திலுள்ள ஒரு இராணுவ முகாமில் சிங்களப் படையினருக்குப் பேச்சுத்தமிழ் படிப்பிக்க என்னைக் கேட்டார்கள். "அவங்களுக்கு ஏன் சேர் படிப்பிக்கிறியள்?" என்று ஊரில் சிலர் நேராகவே கேட்டார்கள். காணி விசாரிக்க முகாம் வாசலுக்குப் போன சனம், சொன்னதை விளங்கிக்கொள்ள ஆளில்லாமல் திரும்பி வந்ததைக் கண்டவன் நான். ஓமென்றேன்.

தொடக்கத்தில் வகுப்பு நகரவேயில்லை. மேலிடத்துக் கட்டளைக்காக வந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு நித்திரை. சிங்களத்தில் ka ஒலிக்கும் ga ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. நாங்களோ ஒரே 'க'வை இடத்துக்கேற்ப மாற்றி வாசிக்கிறோம். அதிலேயே பலர் களைத்துவிட்டார்கள். எழுத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கிவிட்டு, சமையல்காரருக்குச் சந்தைப் பேச்சு, சாரதிக்கு வழி கேட்கும் பேச்சு என்று அவரவர் வேலையிலிருந்து தொடங்கினேன்.

மருத்துவப் பிரிவுப் பெடியன் ஒருவன் நடமாடும் சிகிச்சைக்குப் போன இடத்தில் ஒரு வயோதிப மனிசியிடம், "எங்க அம்மா நோகுது?" என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டிருக்கிறான். "பிடரி விறைக்குது தம்பி, இரவில கால் உளையுது" என்றாவாம். இவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ பிடரியில் கைவைத்து, பிறகு கெண்டைக்காலைத் தடவிக் காட்டியிருக்கிறா. இரண்டையும் சிங்கள எழுத்தில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். அன்றிலிருந்து முன்வாங்கு அவனுடையது. தலைச்சுற்று, வயிற்றோட்டம், மூச்சு முட்டுறது என்று கேட்டுக் கேட்டு எழுதினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் தேவையைச் சொல்லத் தொடங்கினார்கள்.

வாய்மொழிப் பரீட்சையில் பெரும்பாலானோர் சித்தி. ஆனால் இடமாற்றம் வந்து தெற்கே போனதும் பேச ஆளில்லை. எனக்குப் பெரிய கவலை இதுதான். அமெரிக்கப் படையில் மொழித் தேர்ச்சிக்கு மாதப்படி உண்டு. பொதுவாக ஆண்டுதோறும் பரீட்சை எழுதித் தரத்தைக் காட்டினால்தான் அது தொடரும். இங்கே 2007 ஜூலைக்குப் பிறகு சேர்ந்த அரச உத்தியோகத்தர் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சான்றிதழ் கையில் கிடைத்த பிறகு அந்த மொழி மிஞ்சியிருக்கிறதா என்று ஆர் பார்க்கிறார்கள்? வெறும் படிக்காசுக்காகப் படித்தவனுக்கு அது வெகுசீக்கிரம் மறந்துபோகும்.

அந்த மருத்துவப் பிரிவுப் பெடியன் இப்போது தென்கிழக்கே மொனராகலையில். வட்ஸ்அப்பில் தமிழில் குரல்பதிவு அனுப்புவான், நான் திருத்தி அனுப்புவேன். சித்தியடைந்தவர்களைச் சனத்தோடு பழகும் கடமைகளில் விடும்படியும், இடம்மாறிப் போனவர்களுக்கு மாதமொருமுறை தொலைபேசி வழியாவது உரையாடல் வைக்கும்படியும் முகாம் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.