கை நீட்டாதவன்

ஜூன் 3, செவ்வாய்

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையனிடம், "நான் யார்கிட்டயும் போய் நிக்காத ஆள் தம்பி" என்றேன். சொன்ன வாய் மூடுமுன் அவனிடமே சார்ஜர் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. எனக்குத்தான் உறைத்தது.

ராத்திரி இதை வீட்டில் சொன்னேன். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "நீங்க எங்க கேட்டீங்க? கேக்கறதெல்லாம் நான்தானே" என்றாள். தலை நிமிரவில்லை.

ஜூன் 4, புதன்

1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பில் 39 பேருக்குக் குணத்தைக் கணிக்கும் தேர்வு வைத்தார். பிறகு 'இதுதான் நீ' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம், பெரும்பாலும் ஜோசியப் புத்தகத்தில் எடுத்தது. பிள்ளைகள் அது தங்களுக்கு அச்சாகப் பொருந்துவதாக 5க்குச் சராசரி 4.26 போட்டார்கள். 'ஆதாரமில்லாமல் பிறர் பேச்சை நீ ஏற்க மாட்டாய்' என்றும் அதில் ஒரு வரி உண்டு! கிளி ஜோசியர் தேவலை, கிளிக்காவது நெல் கிடைக்கிறது.

என் தாளை எழுதிக் கொடுத்தவர் அப்பா. "கையேந்தாத வம்சம்டா." அவர் அடகுக்கடைப் படி ஏறியதே இல்லை, வாஸ்தவம். வளையலைக் கழற்றிக்கொண்டு அம்மாதான் போவாள்.

ஜூன் 7, சனி

பக்ரீத். மாடி வீட்டு பாய் தூக்கு நிறைய பிரியாணி கொடுத்தனுப்பினார். பேச்சு 2015 சென்னை வெள்ளத்துக்குப் போனது. ஜாபர்கான்பேட்டையில் இடுப்பளவுத் தண்ணீரில் தெருவுக்கே பால் பாக்கெட் சுமந்தேன் என்பது நான் பத்து வருஷமாகச் சொல்லும் கதை. பொய்யில்லை.

"அப்ப நீங்க கட்டியிருந்த கைலி யாரோடது?" என்றாள் மனைவி.

பாயுடையது. அஞ்சு நாள் நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டுப் படுத்ததும் அவர் வீட்டில்தான். இதை நான் மறைக்கவில்லை; கதையில் வைக்க இடமே வந்ததில்லை. டிசம்பர் 1 ராத்திரி அவர் கதவைத் தட்டியது யார் என்று கேட்டேன்.

"நான்தான். நீங்க பின்னாடி டிவியைத் தூக்கிக்கிட்டு நின்னீங்க."

ஜூன் 8, ஞாயிறு

தூக்கை வெறுமனே தரக்கூடாதென்று அதில் மாம்பழம் போட்டுத் தந்தாள். நானே கொண்டுபோனேன். ஃபேன் துடைக்க ஏணி வேண்டும். வாசலில் நின்று, தொண்டையைக் கனைத்து, "பாய், ஏணி கிடைக்குமா?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஏன், தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா?"