இயற்பியல் முந்துகிறது, கணிதம் பிந்துகிறது

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் இயற்பியல், கணிதப் புத்தகங்களைப் புரட்டியபோது, இரண்டு பாடங்களும் ஒரே கருவியை வெவ்வேறு வேளையில் கையில் எடுப்பதைக் கவனித்தேன். இயற்பியலின் இரண்டாவது அலகான இயக்கவியலுக்கு வெக்டர்களும் (அளவோடு திசையும் உள்ளவை), வகையீடும் (ஒன்று மாறும் வீதத்தைக் காண்பது), தொகையீடும் (அதன் தலைகீழ்ச் செயல்) உடனே தேவைப்படுகின்றன. கணிதத்திலோ வெக்டர் இயற்கணிதமும், வகையீடும் தொகையீடும் அடங்கிய நுண்கணிதமும் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. ஆகவே, இயற்பியல் ஆசிரியரே அவசரமாகக் கொஞ்சம் கணிதமும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

ஓய்வு நிலையிலிருந்து விழும் கல் கடக்கும் தொலைவு, மீட்டர் கணக்கில், நேரத்தின் வர்க்கத்தை 4.9 ஆல் பெருக்கினால் கிடைக்கும் என்று எழுதி, அதை நேரத்தைப் பொறுத்து ஒருமுறை வகையிட்டால் திசைவேகமும், மறுமுறை வகையிட்டால் 9.8 என்ற மாறாத முடுக்கமும் வருவதைக் காட்டினேன். (காற்றின் தடையை வசதியாக மறந்துவிட்டோம்.) வகையீட்டைத் தேர்வுக்கான வாய்பாடாக மட்டுமே நினைத்திருந்தவள், இரண்டு வினாடி முடிவில் வேகம் வினாடிக்கு 19.6 மீட்டர் ஆவதைத் தானே கண்டுபிடித்தாள். வகையீட்டுக்கு அடிப்படையான எல்லை (ஒரு மதிப்பை நெருங்கிக்கொண்டே போவது) என்ற கருத்தை மட்டும் என்னால் தெளிவாக விளக்க முடியவில்லை. அதற்குக் கணித வகுப்பு ஒன்பதாவது அத்தியாயத்தை எட்டும்வரை இருவரும் காத்திருக்கிறோம்.